அந்த எண் யாரோடு ஒப்பிட்டது?

ஜனவரி நடுவில் இங்கே, தென்னாப்பிரிக்காவில், பள்ளிக்கூடம் திறக்கும். பெப்ரவரி முடிவதற்குள் என் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "பையன் கிளாஸில் ஒரு இடத்தில் உட்காருவதில்லையாம், டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார் டீச்சர்." செட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் என்று டர்பனைச் சுற்றி எங்கிருந்து கூப்பிட்டாலும் பேச்சு இதுதான். சோதனை முடிந்து அறிக்கையைக் கொடுத்தால் பெரும்பாலான பெற்றோர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். அங்கே ஓர் எண் இருக்கும், பிள்ளையின் அறிவுத்திறனுக்குப் போடுகிற ஐக்யூ. 92, 104, 118, ஏதோ ஒன்று. அதைப் பார்த்ததும் முகம் மலரும், இல்லாவிட்டால் வாடும். மற்ற பக்கங்கள் அதோடு சரி.

உளவியலாளராக அந்த எண்ணை எழுதிக் கொடுப்பது என் இப்போதைய வேலை. அதற்கு முன் பல வருடம் அந்த எண்ணைத் தயாரிக்கும் பக்கத்தில் இருந்தேன். குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகள், முதல் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்து, எண் அறிவைப் பார்க்கும் சோதனைகள், இவற்றை உருவாக்கும் குழுக்களில் வேலை. சமையல்கட்டுக்குள் இருந்தவளுக்குச் சாப்பாட்டின் மேல் ருசி போகாது, ஆனால் அதில் என்ன போட்டார்கள் என்பது தெரியும். அப்படி எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். உளவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, கல்யாணமாகி 90களின் நடுவில் டர்பன் வந்தேன். இங்குள்ள தமிழர்கள் 1860-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்த நாளிலிருந்து இருப்பவர்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை. வீட்டில் ஆங்கிலம்தான். ஆயா (பாட்டி), தாத்தா என்ற அழைப்பும் காவடியும் புரட்டாசி விரதமும் அப்படியே இருக்கின்றன. 1996 அரசியல் சட்டம் தமிழையும் பெயர் சொல்லி, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. சரி, அது வேறு கதை. இங்கே தொழில் செய்ய மறுபடி படித்து, மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் சோதனை தயாரிக்கும் குழு ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கேயே நிலைத்துவிட்டேன்.

முதல் வாரம் கொடுத்த வேலை, அலமாரியில் இருந்த பழைய சோதனைகளின் கையேடுகளைப் படிப்பது. அதைப் போல ஒரு தென்னாப்பிரிக்க வரலாற்றுப் பாடம் எங்கும் கிடைக்காது. 1929-இல் ஃபிக் என்பவர் வெள்ளைக் குழந்தைகளுக்காகத் தயாரான சோதனையைக் கறுப்பின, இந்திய, கலப்பினக் குழந்தைகளுக்கும் கொடுத்து மதிப்பெண்களை ஒப்பிட்டார். பத்து வருடம் கழித்து 1939-இல் வெளியிட்ட புத்தகத்தில், கறுப்பினக் குழந்தைகளின் குறைந்த மதிப்பெண்ணுக்குப் பிறவியைக் காரணம் காட்டினார். 1943-இல் சைமன் பீஷ்யூவெல் என்ற உளவியலாளர் அதற்குப் பதில் எழுதினார். வீடு வேறு, பள்ளி வேறு, சாப்பாடு வேறு. இரண்டு கூட்டத்தையும் ஒரே அளவுகோலில் வைத்து யார் பிறவியிலேயே கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். அவருக்கும் அவர் காலத்துக் குறைகள் உண்டு. ஆனாலும் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அந்தச் சண்டையை ஒருமுறையாவது படித்துவிட வேண்டும்.

அப்புறம் வந்ததெல்லாம் தனித்தனி. 1964-இல் வந்த புதிய தென்னாப்பிரிக்கத் தனிநபர் அளவுகோல் வெள்ளைக் குழந்தைகளுக்கு. இந்தியத் தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒன்று. கோசா, ஜூலு பேசும் பிள்ளைகளுக்கு வேறு வேறு. பேருந்து, கடற்கரை, பள்ளிக்கூடம் எல்லாம் பிரிந்திருந்த நாட்டில் அளவுகோல் மட்டும் எப்படிப் பொதுவாக இருக்கும்? 1991-இல் திருத்தி வெளியிடப்பட்ட மூத்தோர் தனிநபர் அளவுகோல், பெயர் அப்படி இருந்தாலும் 7 வயது முதல் 16 வயது முடிய உள்ள பிள்ளைகளுக்கானது, வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் சேர்த்துத் தரப்படுத்தப்பட்டது, அதாவது அவர்கள் மதிப்பெண்களை வைத்து ஒப்பீட்டு அட்டவணை போடப்பட்டது. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பினக் குழந்தைகள் அதில் இல்லை. ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிந்துவைத்த இனப்பதிவுச் சட்டம் ரத்தானதும் அதே 1991-இல்தான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், அந்தச் சோதனை அதன் பிறகும் பல வருடம் பல அலுவலகங்களில் மேசை மேல்தான் இருந்தது. புதிதாக ஒன்றைத் தயாரிப்பது அவ்வளவு செலவு, அவ்வளவு காலம். அதனால் உங்கள் பிள்ளைக்கு ஓர் எண் கொடுக்கப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது இது: எந்தச் சோதனை, எந்த வருடம் தரப்படுத்தியது, எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டது? ஐக்யூ என்பது ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது மாதிரி பிள்ளைக்குள்ளிருந்து எடுக்கிற அளவு இல்லை. உங்கள் பிள்ளை வயதில் உள்ள வேறு சில நூறு பிள்ளைகளின் வரிசையில் இவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதுதான். வரிசையில் நிற்பவர்கள் மாறினால் இடமும் மாறும்.

நியூசிலாந்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஃப்ளின் 1984-இல் காட்டியது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அமெரிக்காவில் தலைமுறைக்குத் தலைமுறை சோதனை மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது, பத்து வருடத்துக்குச் சுமார் 3 புள்ளி. அதனால் பழைய அட்டவணையில் பார்க்கிற பிள்ளைக்குக் கூடுதலாகவே காட்டும். 'போன தடவை 110, இப்போது புதுச் சோதனையில் 101, பிள்ளைக்கு என்ன ஆயிற்று' என்று கண்கலங்க வந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அட்டவணை மாறியிருக்கும்.

ஒரு கேள்வி எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். நாங்கள் அதை ஐட்டம் என்போம். நடப்பில் இருக்கும் சோதனையின் ஐட்டங்களை வெளியே சொல்லக் கூடாது, சட்டப்படியும் தொழில் ஒழுக்கப்படியும். அதனால் நாங்களே தூக்கி எறிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

படத்தில் என்ன இல்லை என்று கண்டுபிடிக்கும் பகுதி. ஓவியர் ஒரு வீட்டின் முன்கதவை அழகாக வரைந்து கொடுத்தார். கதவில் கைப்பிடி மட்டும் இல்லை. 'கைப்பிடி' என்று சொன்னாலோ அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாலோ 1 மதிப்பெண். சுலபமான ஐட்டம், பகுதியின் தொடக்கத்திலேயே வைக்கலாம் என்று நினைத்தோம். செட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியின் நூலக அறையில் முன்னோட்டம். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி. படத்தைத் தன் பக்கம் இழுத்துவைத்து, கதவின் ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பர்க்லர் கார்டு இல்லை ஆன்டி" என்றாள். நான் எதுவும் சொல்லாமல் குறித்துக்கொண்டேன். என் முகத்தில் சரியா தப்பா என்று எதுவும் தெரியாததால், எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. "இல்லாவிட்டால் திருடன் உள்ளே வந்துவிடுவான் இல்லையா?" என்று எனக்குப் பாடமும் நடத்தினாள்.

இந்த ஊரில் ஜன்னலுக்கும் கதவுக்கும் இரும்புக் கம்பி இல்லாத வீடு அபூர்வம். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது அவள் மட்டுமில்லை, மற்ற பகுதிகளில் நன்றாகச் செய்த பிள்ளைகள் பலர் இதில் கோட்டைவிட்டிருந்தார்கள். சுமாராகச் செய்த பிள்ளைகள் பட்டென்று கைப்பிடி என்றிருந்தார்கள். இப்படி ஓர் ஐட்டம் தலைகீழாக வேலை செய்தால் அதை வைத்திருக்கக் கூடாது. குழுவில் ஒருவர், "பர்க்லர் கார்டையும் சரி என்று ஏற்றுக்கொள்வோம்" என்றார். அப்படிச் செய்தால் கம்பி போடாத கிராமத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வழி, நகரத்துப் பிள்ளைக்கு இரண்டு வழி என்று ஆகிவிடும். தூக்கிப் போட்டோம். ஓவியருக்கு வருத்தம்தான்.

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இரண்டு கணக்கு பார்ப்போம். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்பது ஒன்று. எல்லாரும் சரி, அல்லது எல்லாரும் தப்பு என்றால் அந்த ஐட்டத்தால் யாரையும் பிரித்தறிய முடியாது. மொத்தத்தில் நன்றாகச் செய்பவர்கள் இதையும் நன்றாகச் செய்கிறார்களா என்பது இன்னொன்று. பிறகுதான் நிஜமான தலைவலி. மொத்தத் திறனில் சமமாக இருக்கிற இரண்டு பிள்ளைகள், ஒருத்தி ஜூலு வீட்டில், ஒருத்தி ஆங்கிலம் பேசும் இந்திய வீட்டில். இந்த ஒரு கேள்வியில் மட்டும் ஒருத்தி தொடர்ந்து பின்தங்கினால், கேள்வியில்தான் கோளாறு. இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் முறைகள் உண்டு. ஆனால் கோளாறு இருக்கிறது என்பதைத்தான் எண் சொல்லும், என்ன கோளாறு என்பதைச் சொல்லாது. அதற்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, "இதை ஏன் இப்படிச் சொன்னாய்?" என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் கிடைப்பார்கள்.

எண்களை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 5, 8, 2, 9 என்று நிதானமாகச் சொல்வோம், பிள்ளை அதே வரிசையில் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க இருக்கிற பகுதி. மொழி, கலாச்சாரம் எதுவும் இதில் கிடையாது என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஜூலுவில் 8-க்கு 'இசிஷியாகலொம்பிலி'. 9-க்கு 'இசிஷியாகலொலுன்யே'. மனத்துக்குள் நாம் ஒலியாக ஓட்டிக்கொள்கிற நினைவு ஓரிரு விநாடி அளவுதான் பிடிக்கும். சொல் நீளமானால் எண்ணிக்கை குறையும். வேல்ஸ் மொழி எண்களைச் சொல்ல ஆங்கில எண்களைவிட நேரம் கூட எடுக்கிறது, அதனால் வேல்ஸ் மொழியில் நினைவு குறைந்தது போலத் தெரிகிறது என்று 1980-இலேயே ஆய்வு வந்திருக்கிறது. ஆக, நாலு எண்ணை ஜூலுவில் சொல்கிற பிள்ளை நம்மைவிட எவ்வளவோ பெரிய மூட்டையைத் தூக்குகிறது. இன்னொரு சிக்கல், ஜூலு பேசும் பிள்ளைகள் பலர் எண்ணுவதை ஆங்கிலத்திலேயே செய்வார்கள். விலை, வயது, போன் நம்பர் எல்லாம் ஆங்கிலம். அப்படியானால் எந்த மொழியில் கேட்பது? கடைசியில் எங்கள் சோதனையில் எண்ணை விட்டுவிட்டு, மேசை மேல் கையால் காட்டும் அசைவுகளைப் பார்த்துத் திரும்பச் செய்யும் முறைக்கு மாறினோம். முஷ்டி, உள்ளங்கை, கையின் ஓரம், இப்படி. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.

அந்த யோசனை எங்களுடையது இல்லை. 1983-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆலன் காஃப்மனும் நடீன் காஃப்மனும் வெளியிட்ட கே-ஏபிசி சோதனையில் கை அசைவுப் பகுதி உண்டு. ஆலன் காஃப்மன் அதற்கு முன், பெயர்பெற்ற அறிவுத்திறன் அளவுகோல்களைத் தயாரித்த டேவிட் வெக்ஸ்லரோடு நேரடியாக வேலை செய்து, 1974-இல் வந்த அவருடைய குழந்தைகள் அளவுகோலின் திருத்தத்தில் பங்கெடுத்தவர். அந்த அனுபவத்திலிருந்துதான் வேறு மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். அவர்களிடம் நான் மிகவும் மதிக்கும் விஷயம், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் கற்றுக்கொடுக்கும் ஐட்டங்களை வைத்தது. பிள்ளை முதலில் தப்பாகச் செய்தால் சோதிப்பவர் வேறு சொற்களில், கையைப் பிடித்துக்கூட, என்ன செய்ய வேண்டும் என்று விளக்கலாம். பிள்ளைக்கு வேலை புரியாமல் போனதையும் செய்ய முடியாமல் போனதையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பது நோக்கம்.

இங்கே அது எவ்வளவு முக்கியம் என்பதை வண்ணக் கட்டைகளில் பார்த்தேன். கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள வடிவத்தைச் செய்ய வேண்டும். சொல் எதுவும் தேவையில்லை, அதனால் எல்லாப் பிள்ளைக்கும் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் லெகோவும் ஜிக்சாவும் கிடக்கிற பிள்ளை கட்டையைக் கண்டதும் கைவைக்கும். அதை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை, யாரோ ஒருவருடைய விலை உயர்ந்த பொருள் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். எதையும் நிதானமாகச் செய், உடைத்துவிடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு வேகத்துக்குத் தருகிற கூடுதல் மதிப்பெண் கிடைக்காது. அடக்கத்துக்கு அபராதம் போட்ட மாதிரி. எங்கள் குழுவில் சிறு வகுப்புகளுக்கான பகுதிகளில் நேரப் புள்ளிகளை எடுத்துவிட வேண்டும் என்று நான் கடைசிவரை வாதாடினேன். சிலவற்றில் எடுத்தார்கள்.

ஐட்டங்கள் தேறிய பிறகு தரப்படுத்தல், பல பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சோதனையைக் கொடுத்து அட்டவணை போடும் வேலை. வெளியே இருந்து பார்த்தால் இதில் சுவாரஸ்யம் எதுவும் இல்லை. கல்வித் துறையின் அனுமதி, தலைமை ஆசிரியரின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து. கையெழுத்துப் படிவம் பையில் கசங்கி வரும், சாம்பார்க் கறையோடு வரும், சில சமயம் வராமலே போகும். எந்த வீட்டிலிருந்து படிவம் வரவில்லையோ அந்த வீட்டுப் பிள்ளைதான் அட்டவணைக்கு எடுக்கும் பிள்ளைகளில் இருக்க வேண்டியவன். அம்மா இரண்டு ஷிஃப்ட் வேலை, அப்பா வெளியூர், ஆயாதான் வளர்க்கிறார். அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு, முதல் நாளே படிவம் கொண்டுவந்தவர்களை மட்டும் வைத்து அட்டவணை போட்டால் சராசரி ஏறிவிடும். பிறகு நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சராசரிக்குக் கீழ் என்று அறிக்கை போகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நன்றாகக் கிளறிய பானைக்குத்தான் பொருந்தும்.

ஒரு நாள் ஒரு ஆயா பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் கையெழுத்துப் போட்டால் பிள்ளையை வேறு ஸ்கூலுக்கு மாற்றிவிடுவீர்களா?" என்று கேட்டார். அவர் காலத்தில் அதிகாரிகள் தாளோடு வந்தால் நல்லதுக்கு வந்ததில்லை. இனம் பார்த்துக் குடியிருப்புகளைப் பிரித்த காலத்தில், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து அப்படித்தான் அவர்களைக் கிளப்பி, செட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் பெட்டியைத் திறந்து படங்களை அவருக்குக் காட்டினேன். அது விதியில் இல்லாத வேலை, ஆனால் அது இறுதி வடிவம் இல்லை என்பதால் பரவாயில்லை. ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். களப்பணிக்குப் போகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது: ஒப்புதல் படிவம் வாங்குவதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். சோதனை நாளிலேயே அதையும் முடித்துவிடலாம் என்று போகாதீர்கள்.

இன்னொன்று, வயதுக் கணக்கு. அட்டவணை வயதை வைத்துத்தான் ஓடுகிறது. 6 வயது 11 மாதத்தில் வாங்கிய அதே மதிப்பெண், பிறந்தநாள் தாண்டியதும் அடுத்த கட்டத்துக்குப் போய் எண் குறையும். சோதனைத் தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழிப்பதில் ஒரு மாதம் பிசகினால் அறிக்கை முழுவதும் பிசகு. தாள்களைச் சரிபார்க்கும்போது நான் அடிக்கடி கண்ட பிழை இதுதான், கழித்தல் கணக்கு! மேற்பட்டம் வாங்கியவர்கள் போடுவது. பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கை எழுதிப் போட்டு, இன்னொருவரிடம் காட்டுங்கள்.

சரி, அந்தக் கடைசிப் பக்கத்து எண்ணுக்கு வருவோம். சராசரி 100, விலகல் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15 என்று அமைத்த சோதனையில் சுமார் 68 சதவீதப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். நல்ல சோதனையிலும் பிழை உண்டு. மறுபடி எடுத்தாலும் எவ்வளவு ஒத்துவரும் என்று காட்டும் நம்பகத்தன்மை 0.91 என்று வைத்துக்கொண்டால் அளவுப் பிழை 4.5 புள்ளி வரும். அப்படியானால் 104 என்று எழுதியிருப்பதன் பொருள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியோடு 95-இலிருந்து 113-க்குள் எங்கோ என்பது. என் அறிக்கைகளில் எல்லையைத் தடித்த எழுத்தில் முதலில் போடுகிறேன், ஒற்றை எண் அதற்குப் பிறகு. அக்காள் 108, தம்பி 103 என்றால் இருவரும் ஒன்றே. இதை வீட்டில் ஒப்பிட்டுப் பேசி, கெட்டிக்காரி, மந்தம் என்று பட்டம் கட்டிவிட்டால் அதை இறக்க எந்த உளவியலாளராலும் ஆகாது. 1905-இல் பாரிஸில் முதல் சோதனையைச் செய்த ஆல்ஃப்ரெட் பினே அதைத் தயாரித்ததே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று பார்க்கத்தான்.

சமீப காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிற குடும்பங்கள் கூடியிருக்கின்றன. அவர்களுக்காக ஒன்று. அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். வந்து சில மாதமே ஆன ஒரு பையன், முதல் வகுப்பு. ஆங்கிலத்தில் ஒரு சோதனை வைத்துவிட்டு, ஒரு வருடம் பின்னால் போடலாம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அழாத குறை. "அக்கா, வீட்டில் இவன் வாயை மூட வைக்கத்தான் எங்களுக்குக் கஷ்டம். ஸ்கூலில் இவனுக்குப் பேச்சே வரவில்லை என்கிறார்கள்." பையனிடம் தமிழில், "நீ வரும்போது மழை பெய்ததா?" என்று கேட்டதுதான் தாமதம், விமானத்தில் சாப்பிட்டதிலிருந்து தொடங்கிவிட்டான்.

இந்த இடத்தில் உளவியலாளருக்கு ஒரு சபலம் வரும். எனக்குத்தான் தமிழ் தெரியுமே, கேள்விகளைத் தமிழாக்கிக் கேட்டு மதிப்பெண் போட்டுவிடலாமே! போடலாம், ஆனால் அந்த மதிப்பெண்ணை எந்த அட்டவணையில் பார்ப்பது? டர்பனில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகளின் அட்டவணையிலா? அது வேலைக்கு ஆகாது. நான் செய்தது, படம், வடிவம் சார்ந்த பகுதிகளை மட்டும் தமிழில் விளக்கிக் கொடுத்து, அவற்றையும் எச்சரிக்கையோடு எழுதினேன். மொத்த ஐக்யூ என்று எதுவும் கொடுக்கவில்லை. தமிழில் ஒரு கதை சொல்லித் திரும்பச் சொல்ல வைத்து, எவ்வளவு தொடர்ச்சியாகச் சொல்கிறான் என்று மதிப்பெண் இல்லாமல் விவரித்தேன். ஆங்கிலத்துக்கு வருட முடிவுவரை காலம் கொடுங்கள், பின்னால் போட வேண்டாம் என்று பள்ளிக்குப் பரிந்துரை. அறிக்கையில் எண் இல்லையே என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. எண் இல்லாததுதான் அறிக்கை என்று சொன்னேன். அப்படிப்பட்ட பெற்றோர் பிள்ளையோடு தமிழ் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். ஆங்கிலம் பள்ளியில் தானாக ஒட்டிக்கொள்ளும். தமிழில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, கதை என்றால் என்ன என்பது ஏற்கனவே தெரியும்.

சோதனைக்குக் கூட்டி வருமுன் காதையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள். காதுக்குள் நீர் கோத்து, பாதிச் சொல் கேட்காமல் இருந்த பிள்ளைகளை 'கவனக் குறைவு' என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். செவித்திறன் பார்க்கிறவரிடம் போனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் வீடுகள் உண்டு. காய்ச்சல் விட்ட மறுநாள், பிறந்தநாள் விழாவுக்கு மறுநாள் கொண்டுவராதீர்கள். இணையத்தில் மாதிரிக் கேள்விகளைத் தேடிப் பயிற்சி கொடுக்காதீர்கள். ஒரே மாதிரி வடிவங்களை வாரக்கணக்கில் பழகிய பிள்ளைக்கு எண் ஏறும், ஆனால் அந்த எண்ணை வைத்து உதவி கொடுக்க முடியாது. "ஒரு ஆன்டி உன்னோடு சில விளையாட்டு விளையாடுவார், சில சுலபம், சில கஷ்டம், எல்லாம் தெரிய வேண்டியதில்லை" என்று சொல்லி அழைத்து வந்தால் போதும். மருத்துவரிடம் போகிறோம் என்று சொல்லாதீர்கள். ஊசியை எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று. 1996-ஆம் வருடத் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, அரசுப் பள்ளி நிர்வாகக் குழு சேர்க்கைக்காக எந்தச் சோதனையும் வைக்கக் கூடாது என்கிறது. யாரையும் வைக்கச் சொல்லவும் கூடாது. 'முதலில் ஐக்யூ ரிப்போர்ட், அப்புறம் அட்மிஷன்' என்று அரசுப் பள்ளியில் கேட்டால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். சேர்ந்த பிறகு பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்ப்பது வேறு விஷயம். அதற்கு 2014-இலிருந்து தனிக் கொள்கை இருக்கிறது. அதன்படி வகுப்பு ஆசிரியர் முதலில் தன் கவனிப்பைப் படிவத்தில் எழுத வேண்டும், பெற்றோரோடு பேச வேண்டும், வகுப்பிலேயே செய்யக்கூடியதைச் செய்து பார்க்க வேண்டும். உளவியல் சோதனை அதற்கெல்லாம் பின்னால்தான் வரும். எடுத்த எடுப்பில் என்னிடம் அனுப்புகிற பள்ளிகளுக்கு அந்தப் படிவத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன். இதனால் எனக்கு வரும்படி குறைகிறது என்று வீட்டில் கேலி.

இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளும் அவ்வப்போது வருகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். உளவியலாளராகப் பதிவு செய்ய முதுகலையும் ஒரு வருட உள்ளிருப்புப் பயிற்சியும் தேர்வும் வேண்டும், முதுகலை இடங்களுக்கு அடிதடி. சோதனை எடுக்க மட்டும் உரிமம் உள்ள சைக்கோமெட்ரிஸ்ட் பதிவு அதைவிடச் சீக்கிரம் கிடைக்கும், தொடங்க நல்ல இடம். புள்ளியியலைக் கண்டு பயந்து உளவியலுக்கு வந்தவர்களுக்குச் சோதனை தயாரிப்பு சரிப்படாது. ஐட்டம் பகுப்பாய்வை இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளிலேயே செய்து பழகலாம், விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வாய்ப்புக் கிடைத்தால் முதல் வகுப்பு அறையில் பின்பெஞ்சில் ஒரு பருவம் உட்கார்ந்து பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளை எந்த வாக்கியத்தில் தொலைந்துபோகிறது என்பது அங்கேதான் தெரியும். ஜூலு கற்றுக்கொள்ளுங்கள், கடையில் பேசுகிற அளவு இல்லை, பிள்ளைகள் சொல்கிற காரணத்தைக் கேட்டுப் புரிந்துகொள்கிற அளவு. எங்கள் குழுவில் மொழிபெயர்ப்பாளரை நம்பி உட்கார்ந்தவர்களுக்குப் பிள்ளையின் விடை கிடைத்தது. பிள்ளை தயங்கித் தயங்கித் திருத்திக்கொண்ட இடங்கள் கிடைக்கவில்லை. அடுத்த சோதனையின் ஐட்டங்கள் அந்த இடங்களிலிருந்துதான் எழுதப்படுகின்றன.